உப்பமேட்டுக் காற்றின் பூஜ்யம்

எல்லாருக்கும் வணக்கம். சௌக்கியமாக இருக்கிறீர்களா? பனி இறங்க ஆரம்பித்துவிட்டதே, வீட்டில் யாருக்கும் சளி, இருமல் ஒன்றும் இல்லையே? மூச்சு தாராளமாகப் போய் வருகிறதா? வந்ததும் வராததுமாக மூச்சைப் பற்றி விசாரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். கதையே அதைப் பற்றித்தான். இன்னும் நடக்காத கதை. நடப்பதற்கு ரொம்ப நாள் பிடிக்காது என்று தோன்றுகிற கதை. காபியோ கஷாயமோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடலோரத்தில் உப்பமேடு என்று ஓர் ஊர். ஊரை ஒட்டி ஒரு ரசாயன ஆலை. ஊர்தான் முதலில் வந்தது. ஆனால் இப்போது பஸ்காரர்கள் ஆலையின் பெயரைச் சொல்லித்தான் நிறுத்துகிறார்கள். அந்த ஊர் அஞ்சலாட்சிக்குக் கருவாட்டு வியாபாரம். ஆலை மதிலை ஒட்டிப் போட்ட சிமெண்டுத் தரையில் மீன் சீக்கிரம் காய்கிறது என்று அங்கேதான் பரப்புவாள். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒரே மகள் லோகேஸ்வரி, ஊருக்கு லோகா. பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்து முடித்துவிட்டு, ஆலைக்காரர்களே நடத்துகிற பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்து வந்து நின்றாள்.

"என்னாடி வேல அது? புரியறாப்ல சொல்லு" என்றாள் அஞ்சலாட்சி.

"ஆலையில குழாய்க்குள்ள எவ்ளோ அழுத்தம், தொட்டியில எவ்ளோ மட்டம், எவ்ளோ சூடுன்னு காட்டுற கருவி இருக்குதுல்ல? அது பொய் சொல்லாம பாத்துக்கற வேல."

"அது எதுக்குப் பொய் சொல்லுது?"

"நாளாவ நாளாவ எல்லாம் பொய் சொல்லும்மா. வெயில்ல, உப்புல முள்ளு கொஞ்சம் கொஞ்சமா நவுந்துபுடும். திரும்பப் பிடிச்சு எடத்துல வெக்கணும்."

"மனுசங்களாட்டம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி மகளுக்கு ஒரு டின் நிறைய நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாள். உள்ளூர்ப் பிள்ளையானாலும் பயிற்சி முடிகிறவரை ஆலை விடுதியில்தான் தங்கவேண்டும் என்று சட்டம்.

விடுதியில் லோகாவோடு அறையில் சேர்ந்தவள் ஸ்டெல்லா மேரி. வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டுப் பெண். லோகாவைவிட ஒரு வயது சின்னவள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை, துப்பட்டாவை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, கட்டிலுக்கு அடியில எலி கிலி செத்துக் கெடக்கா?"

"இல்லியே. ஏன்?"

"நாத்தம் கொடலப் புடுங்குதே!"

"என்னா நாத்தம்?" என்று கேட்டாள் லோகா. நிஜமாகவே கேட்டாள்.

இரண்டு பேரும் குனிந்து கட்டிலடியில் தேடினார்கள். கிடைத்தது கருவாட்டு டின்தான்.

"அடிப்பாவி, எங்கம்மா போட்ட கருவாட்ட எலின்றியா? ஒனக்கு ஒரு துண்டு கெடையாது போ!"

ஸ்டெல்லா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போய் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது இல்லக்கா. இது வேற. வெளியிலேருந்து வருது" என்றாள். லோகாவும் வந்து முகர்ந்தாள். கடல் காற்று. வேறு என்ன இருக்கிறது?

மலைக்காரிக்குக் கடல் வாசம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு லோகா விட்டுவிட்டாள்.

பயிற்சி கொடுத்தவர் தனபாலன் என்கிற பொறியாளர். குரலை உயர்த்தவே மாட்டார், யாரையும் கடிந்து பேசமாட்டார், அதனாலேயே பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும். முதல் நாளே சொன்னார்: "கருவிக்கு ரெண்டே ரெண்டு சத்தியம். பூஜ்யம் எங்க, முழு அளவு எங்க. பூஜ்யம் நகர்ந்துட்டா அதுக்கு மேல அது சொல்றது எல்லாமே பொய். ஆனா நிஜம் மாதிரியே இருக்கும். அதான் ஆபத்து."

அழுத்தம், மட்டம், சூடு எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு ஒன்று. வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கிற பழைய கருவிகள் உப்புக் காற்றில் சீக்கிரம் குருடாகிவிடுகின்றன என்று, உயிருள்ள மூக்கையே கருவியாக்கிவிட்டார்கள்.

"பாலுக்கு உறை ஊத்தறீங்கல்ல, அது மாதிரிதான்" என்றார் தனபாலன். "உங்க மூக்குக்குள்ளேருந்து துளி சதை எடுத்து ஒரு சில்லுல வளப்போம். அது வளர்ற வரைக்கும் உங்க மூக்குக்குக் கீழயே கிளிப்புல மாட்டியிருக்கும். நீங்க விடற மூச்சை அதுவும் விடும். உங்க கையில ஒரு பொத்தான். கெட்ட வாடை வந்தா அழுத்துங்க, இல்லைன்னா சும்மா இருங்க. எது கெட்டது, எது நல்லதுன்னு உங்களைப் பாத்து அது கத்துக்கும். அப்பறம் அதையே பயிர் பண்ணி ஆலை முழுக்க மாட்டிடலாம். ஒவ்வொருத்தர் மூக்குக்கும் அவங்களேதான் டெக்னீஷியன். வாழ்நாள் வேலை."

"வலிக்குமா சார்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"உங்க அக்காவுக்கு மூக்குத்தி குத்துனப்ப வலிச்சுதான்னு கேட்டுக்க."

வகுப்பு சிரித்தது. ஸ்டெல்லா மட்டும் கையைத் தூக்கினாள். "அப்ப, நாங்க கத்துக்கறோமா, அது கத்துக்குதா சார்?"

"ரெண்டும்தாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாடப் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. மூக்குக்குப் பூஜ்யம் வைக்கிற நாளில் சுத்தக் காற்று அடைத்த சிலிண்டரைத் திறந்து, அந்தக் காற்றைக் காட்டித்தான் வைக்கவேண்டும். இதில் ஒரு கலப்படமும் இல்லை, இதுதான் ஒன்றுமில்லாத காற்று, இதைப் பூஜ்யமாக வைத்துக்கொள் என்று சில்லுக்குச் சொல்லிக் கொடுப்பது. அந்த நாள் வந்தபோது சிலிண்டர் அறை பூட்டிக் கிடந்தது. சாவி வரவில்லை என்றார்கள்.

"சிலிண்டர் எதுக்கு சார்? இங்கதான் காத்து சும்மா வீசுதே, நாள் பூரா!" என்றான் ஓர் உள்ளூர்ப் பையன்.

தனபாலன் பூட்டிய அறையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி. ஜன்னலைத் திறந்துட்டுப் பூஜ்யம் வைங்க" என்றார்.

ஜன்னலைத் திறந்தார்கள். உப்பமேட்டுக் காற்று உள்ளே வந்தது. லோகா கையிலிருந்த பொத்தானைத் தொடவே இல்லை. அவளுடைய திரையில் கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக ஓடியது. பக்கத்தில் ஸ்டெல்லாவின் திரையில் கோடு மேலேயும் கீழேயுமாகத் துள்ளியது. அவள் பொத்தானைப் பிடித்த பிடி விடவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு.

"என்னம்மா, மூக்கா அது, மோப்ப நாயா?" என்று யாரோ கேலி பேசினார்கள்.

அதற்கப்புறமும் ஸ்டெல்லாவின் சில்லு அடங்கவில்லை. காலையில் கத்தும், மத்தியானம் கத்தும். லோகா சாப்பாட்டு நேரத்தில் கருவாட்டு டின்னைத் திறந்தால் போதும், கிளிப்பிலிருந்து 'கீ கீ' என்று அலறும். விடுதியில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. 'நெத்திலி அலாரம்' என்று பெயர் வைத்தார்கள். ஸ்டெல்லாவே முதலில் சிரித்தாள், பிற்பாடு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

முடிவு வந்தபோது லோகா முதல் இடம். ஸ்டெல்லா தேறவில்லை. 'அளவுக்கு மீறிய உணர்வு, பணிக்குப் பொருந்தாது' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அழாதடி" என்றாள் லோகா, பஸ் நிறுத்தத்தில். "ஒன் மூக்கு கொஞ்சம் ஓவரு. அவ்ளோதான்."

"எனக்கு வேலை போனதுக்கு அழுகலக்கா" என்றாள் ஸ்டெல்லா. "இங்கேயே இருக்கப் போறீங்களேன்னுதான்." சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். என்ன பேச்சு இது என்று லோகாவுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஆலைக்காரர்கள் ஊர்ப்பக்க மதில் நெடுகிலும் லோகாவின் மூக்கை வளர்த்து மாட்டினார்கள். மதிலின் மேலே ஒரு சிவப்பு விளக்கு, ஒரு சங்கு. அந்தப் பக்கத்தில் ஆலை சைரனைச் சங்கு என்றுதான் சொல்வார்கள். காற்று கெட்டால் மூக்கு அறியும், சங்கு ஊதும், விளக்கு சுற்றும், ஊர் வீட்டுக்குள் போய்க் கதவடைத்து ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். சங்கு ஊதினால் ஆலை நிற்கவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. 'உங்கள் ஊரை உங்கள் வீட்டுப் பெண்ணே காக்கிறாள்' என்று லோகாவின் படம் போட்டு ஆலை வாசலில் பேனர் கட்டினார்கள். மூக்கு ஒரு வருஷம் தகராறு பண்ணாமல் ஓடினால் லோகாவுக்கு வேலை நிரந்தரம்.

"எம்மவ மூக்கு, செவுத்துல" என்று அஞ்சலாட்சி கருவாடு வாங்க வந்தவர்களிடம் எல்லாம் காட்டினாள். "சின்னதுல சளி ஒழுவிட்டு கெடக்கும். இப்ப பாரு, ஊரையே காவ காக்குது."

மார்கழியில் ஒரு காலை. பனி தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. அஞ்சலாட்சி வழக்கம்போல மதிலோரம் மீன் பரப்பிக்கொண்டிருந்தாள். விளக்கு சுற்றவில்லை, சங்கு ஊதவில்லை. ஆனால் அவளுக்கு நெஞ்சை யாரோ மிதிக்கிற மாதிரி இருந்தது. கண் எரிந்தது. எழுந்து நடக்கப் பார்த்து மீன் மேலேயே விழுந்தாள். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

உயிர் பிழைத்தாள். மூச்சு மட்டும் பழையபடி ஆகவில்லை. உள்ளே இழுத்தால் ஒரு விசில், வெளியே விட்டால் ஒரு விசில். நாலு வார்த்தை பேசினால் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்க வேண்டும்.

ஊர் ஆலை வாசலில் கூடியது. ஆலைக்காரர்கள் அன்றைய பதிவைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். மதில் மூக்குகள் எல்லாம் பூஜ்யம். நேர்க்கோடு. லோகாவும் சும்மா இருக்கவில்லை. சோதனை வாயுவை எடுத்துப்போய் ஒவ்வொரு மூக்குக்கும் காட்டினாள். பலமாகக் காட்டியபோது சங்கு சட்டென்று ஊதியது. கருவி வேலை செய்கிறது. அப்படியென்றால் அன்றைக்கு வாயு வரவில்லை. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள்: "வெளிய ஒண்ணும் இல்லம்மா. கருவி காட்டலியே. ஒனக்குப் பனி ஒத்துக்கல, அதான்."

அஞ்சலாட்சி மகளைப் பார்த்தாள். மூச்சு சேர்வதற்குக் காத்திருந்தாள்.

"ஒன் மூக்கு சொன்னா… சரிதான்டி" என்றாள்.

அந்தப் பேச்சு லோகாவை அப்போது ஒன்றும் செய்யவில்லை. பிற்பாடுதான் வட்டியும் முதலுமாக வந்தது.

ஆலைக்குக் கொஞ்சம் தள்ளி, புகை எட்டாதபடி சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம், அதிகாரிகள் குடியிருப்பு. அங்கேயும் மூக்கு மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட, லோகாவை அனுப்பினார்கள். சின்ன வேலைதான், துடைத்துவிட்டு வரவேண்டும். முடித்துவிட்டு மூக்கு மாட்டியிருந்த கம்பத்தின் நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.

கம்பத்திலிருந்து 'கீ கீ' என்று அலறல்.

லோகா பாக்ஸை மூடினாள். அலறல் நின்றது. திறந்தாள். 'கீ கீ.' மூடினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உலகத்தில் இப்படிக் கருவாட்டுக்குக் கத்துகிற மூக்கு ஒன்றுதான். எழுந்து மூடியைக் கழற்றி உள்ளே ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். ஸ்டெல்லா மேரி.

மற்றக் கம்பங்களிலும் அதே பெயர். அங்கேயே நின்று போன் போட்டாள். "ஏய் ஸ்டெல்லா, ஒன் மூக்கு இங்க இருக்குதுடி. குவார்ட்டர்ஸ்ல. எல்லாக் கம்பத்துலயும் நீதான்."

அந்தப் பக்கம் தேயிலை மெஷின் ஓடுகிற சத்தம். "லாயக்கில்லன்னு அனுப்புனாங்களே அக்கா?"

"ஆமா."

"என்னைக் கேக்கக்கூட இல்லையே…"

கம்பத்தடியில் ஒரு சின்னச் சிலிண்டர் சாத்தியிருந்தது. சுத்தக் காற்று. பூட்டு இல்லை. இங்கே புத்தகத்தில் உள்ளபடியே பூஜ்யம் வைத்திருக்கிறார்கள். லோகா அந்தச் சிலிண்டரின் முகமூடியை எடுத்துத் தன் முகத்தில் வைத்துத் திருகைத் திறந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

முதலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. தண்ணீர் குடிக்கிறோம், ருசி இல்லை என்போமே, அப்படி. ஆனால் நெஞ்சு விரிந்துகொண்டே போனது. இவ்வளவு இடம் உள்ளே இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டாள். சிலிண்டர் பாதி தீருகிறவரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பிறகு முகமூடியை எடுத்துவிட்டு ஆலையைக் கடந்து ஊரைப் பார்க்க நடந்தாள்.

ஊர் எல்லைக்கு வந்ததும் அடித்தது. அழுகிய முட்டை, எரிந்த ரப்பர், பழைய பூச்சிமருந்து, எல்லாவற்றையும் கலந்து ஈரச் சாக்கில் கட்டி முகத்தில் போட்ட மாதிரி. பிறந்ததிலிருந்து அவள் மூச்சுவிட்ட காற்று. குனிந்து வாந்தி எடுத்தாள். நிமிர்ந்தபோது மதிலின் மேல் அவளுடைய மூக்குகள் வரிசையாக இருந்தன. ஒன்றும் கத்தவில்லை. அவற்றுக்கு இது பூஜ்யம்.

தனபாலன் பட்டறையில் தனியாக ஏதோ கருவியின் முள்ளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சார், என் மூக்கு பொய் சொல்லுது."

"பொய் சொல்லலம்மா" என்றார் அவர், தலை நிமிராமல். "நீ எதைச் சுத்தம்னு நெனைச்சியோ அதைப் பூஜ்யம்னு சொல்லுது. அதுக்கு மேல ரொம்ப ஏறுனாதான் அதுக்கு நாத்தமே தெரியும். அதுக்குள்ள மனுஷன் விழுந்துடுவான்."

"தெரிஞ்சேதான் எங்க ஊர்ப் புள்ளைங்கள எடுத்தீங்களா?"

"உள்ளூர் ஆளுக்கு வேலை குடுன்னு நீங்கதானே ரோட்டுல உக்காந்தீங்க? குடுத்தாங்க. அப்பறம்தான் கண்டுபுடிச்சாங்க, உள்ளூர் மூக்கு வெச்சா சங்கு ஊதவே மாட்டேங்குதுன்னு. ஊதாத சங்கை விட்டுட்டு ஊதற சங்கை எந்த ஆலைக்காரன் விலைக்கு வாங்குவான்?"

"குவார்ட்டர்ஸுக்கு மட்டும் வாங்கியிருக்கீங்களே."

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "என் பொண்ணு அங்கதான் தூங்கறா. அவளுக்குப் பொறந்ததுலேருந்து ஆஸ்துமா."

"எங்கம்மாவுக்கு இந்த மார்கழியிலேருந்து, சார்."

வெளியே ஆலை ஓடிக்கொண்டிருந்தது. லோகா மதில் பக்கம் கையைக் காட்டினாள். "மதில்ல இருக்கற என் மூக்கையெல்லாம் கழட்டிட்டு ஸ்டெல்லாவோடத மாட்டப் போறேன். வேலை போனாலும் பரவால்ல."

"மாட்டிக்க" என்றார் தனபாலன். "ஸ்டோர்ல இருக்கு. கையெழுத்து நான் போடறேன்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. "தடுக்க மாட்டாங்களா சார்?"

"எதுக்குத் தடுக்கணும்? சங்குதானே. ஊதட்டும்."

எவ்வளவு நல்ல மனுஷர் என்று அன்றைக்கு லோகாவுக்குத் தோன்றியது.

கடைசி மூக்கை மாட்டித் திருகியதும் சங்கு ஆரம்பித்தது. கப்பல் கூவுகிற மாதிரி, விட்டு விட்டு, 'கூ… கூ…' என்று. விளக்கு சுற்றியது. ஊர் பதறிப்போய்க் கதவடைத்தது. ஈரத்துணி, சாத்திய ஜன்னல், உள்ளே அடைத்த பிள்ளைகள். கொஞ்ச நேரத்தில் நிற்கும் என்று பார்த்தார்கள். நிற்கவில்லை. காற்று கடல் பக்கம் திரும்பும்போது கொஞ்சம் ஓயும், மறுபடி ஆரம்பிக்கும். மறுநாளும் ஊதியது. அதற்கு மறுநாளும்.

எவ்வளவு நாள் கதவடைத்துக்கொண்டு கிடப்பது? மீன் யார் பரப்புவது?

"அஞ்சலாட்சி மவளே!" என்று தெருவில் கத்தினாள் ஒரு கிழவி. "யாருக்குடி சங்கு ஊதுற? இன்னும் உசுரோடதான்டி இருக்கம்!"

வார்டு மெம்பர் பூபதி வீட்டுக்கே வந்துவிட்டான். "லோகா, புள்ளைங்க தூங்கல. மாடு பால் குடுக்கல. ஊர்க்காரங்க கேட்டா நிறுத்திப்புடறோம்னு ஆலைக்காரனே சொல்லிட்டான். நீ குறுக்க நிக்காத."

"மாமா, சங்கு தப்பா ஊதல. காத்து அப்புடி இருக்குது. வாங்க, காட்டறேன்."

ஸ்டோரிலிருந்து ஒரு சுத்தக் காற்றுச் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கோயில் வாசலில் வைத்தாள். ஒவ்வொருவராக முகமூடியை வைத்து மூச்சு இழுக்கச் சொன்னாள். முதலில் சிரித்தார்கள். பூபதியின் மனைவி செண்பகம் உட்கார்ந்து நிதானமாக இழுத்தாள். முகமூடியை எடுத்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது.

"தெரியுதாக்கா?" என்றாள் லோகா ஆசையோடு.

"தெரியுது" என்றாள் செண்பகம். "தெரிஞ்சு? மூக்க அறுத்துப் போட்டுட்டு இங்கயே கெடக்கணுமா, இல்ல ஊர விட்டுப் போவணுமா? எங்கடி போவணும்? அதையும் ஒன் சிலிண்டரு சொல்லுமா?"

லோகா முகமூடியை வாங்கித் திருகை மூடினாள். அதற்கப்புறம் யாரும் சிலிண்டர் பக்கம் வரவில்லை.

ராத்திரி அஞ்சலாட்சி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து சொன்னாள்: "நாத்தத்தோட… தூங்கிட்டன்டி இத்தினி வருசம். சத்தத்தோட… முடியல."

"கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா. சங்கு ஊதிக்கிட்டே இருந்தா வெளியில இருக்கறவங்க யாராச்சும் வந்து கேப்பாங்க. கேட்டுத்தான் ஆவணும். நிறுத்திட்டா நாம மறுபடி பூஜ்யம்."

அம்மாவுக்காகவோ, மகள் முகத்துக்காகவோ, ஊர் நிறுத்தச் சொல்லவில்லை. "வெச்சுக்க ஒன் சங்க" என்று பூபதி கையை உதறிவிட்டுப் போனான். லோகா ஒரு காரியம் செய்தாள். தினமும் வேலைக்குப் போகும்போது சிலிண்டரில் கொஞ்சம் மூச்சு இழுத்துவிட்டுப் போவாள், மறந்துவிடக்கூடாது என்று. சிலிண்டர் தீர்ந்தது. புதிதுக்கு எழுதிப் போட்டாள். வரும் என்றார்கள்.

நாள் ஓடியது. புலம்பல் குறைந்தது. கோயில் திருவிழாவில் மேளக்காரர்கள் சங்கின் தாளத்துக்கே தட்டினார்கள், பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். பிறகு அந்த விளையாட்டும் விட்டுப்போனது. குழந்தைகள் தூங்கின. மாடு பால் கொடுத்தது. யாரும் வந்து லோகாவைத் திட்டவில்லை. ஊர் தன்னைப் புரிந்துகொண்டுவிட்டது என்று அவளுக்கு மனசு நிறைந்தது. வருஷம் முடிந்ததும் நிரந்தர வேலை உத்தரவைத் தனபாலனே கையில் கொடுத்தார்.

"ஒரு புகாரும் இல்ல, ஆலைப் பக்கத்துலேருந்தும் இல்ல, ஊர்ப் பக்கத்துலேருந்தும் இல்ல" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் சொன்னேன்ல, ஊதட்டும்னு."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று லோகா யோசிக்கவில்லை. இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். லோகா அம்மாவோடு மதிலோரம் உட்கார்ந்து மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாவிடமிருந்து போன். தேயிலை ருசி பார்க்கிற இடத்தில் அவளை எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். அந்த மூக்குக்கு ஏற்ற வேலை. இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"லோகாக்கா, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. ஒண்ணும் கேக்கல."

"ஏன்டி, டவர் இல்லியா?"

"டவர் இருக்கு. உங்க பின்னாடிதான் ஏதோ கத்துது. ஆம்புலன்ஸா, என்ன சத்தம் அது?"

"என்னா சத்தம்?" என்று கேட்டாள் லோகா. நிஜமாகவே கேட்டாள். "என்னா ஒளர்ற? இங்க ஒரு காக்காகூட இல்ல."

ஸ்டெல்லாவின் குரல் மாறியது. மெதுவாக, "அக்கா, அது நீங்க சொன்ன சங்கு. வீட்டுக்குள்ள போங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

லோகா தலையைத் தூக்கினாள். மதிலின் மேல் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சம் அம்மாவின் நரைத்த தலையில் விழுந்து, மீனில் விழுந்து, திரும்பவும் அம்மாவின் தலையில் விழுந்தது. காதைத் தீட்டிக் கேட்டுப் பார்த்தாள். அலை. அம்மாவின் மூச்சில் இருக்கிற விசில். வேறு ஒன்றும் இல்லை.

"அம்மா, சங்கு ஊதுதா?"

அஞ்சலாட்சி கையிலிருந்த நெத்திலியை உதறிப் போட்டுவிட்டு, கொஞ்சம் காது கொடுத்துப் பார்த்தாள்.

"இன்னிக்கா?" என்றாள். "தெரியலியேடி."

கதை இவ்வளவுதான். இனி நீங்கள் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரரோ, சிநேகிதரோ உங்கள் வாசலில் கால் வைத்ததும், "இங்கே என்ன இப்படி ஒரு நாற்றம், என்ன இப்படி ஒரு சத்தம்" என்று கேட்டு, நீங்கள் "எது?" என்று விழித்ததுண்டா? எந்த ஊர், என்ன நாற்றம், அதற்கப்புறம் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள், காத்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒன்றும் நினைவுக்கு வரவில்லையே என்கிறீர்களா? அப்படியானால் வந்துபோனவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.